யாக்கோபின் கிணற்றடியில்

எங்கள் குழுவின் பயணத் திட்டத்தில் பெத்லகேமுக்கு அரை நாள்தான். காலையில் இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே வந்து, இயேசு பிறந்த இடத்தைக் குறிக்கும் நட்சத்திரத்தைத் தொட்டு முத்தமிட்டு, ஒலிவ மரச் சிற்பக் கடையில் ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு எருசலேம் போய்விட வேண்டும். 2019-இல் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் போன நானும் மனைவியும் மட்டும் குழுத் தலைவரிடம் கெஞ்சிக்கூத்தாடி இரண்டு நாள் தங்கினோம். இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட யாக்கோபின் கிணற்றைப் பார்க்காமல் ஊர் திரும்ப எனக்கு மனசில்லை.

பிறப்பு ஆலயத்தின் வாசல் நாலடி உயரம் இருந்தால் அதிகம். 6-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் திரும்பக் கட்டிய ஆலயம். கிரேக்கரும் அர்மீனியரும் பிரான்சிஸ்கன் துறவிகளும் பங்கிட்டு ஆராதிக்கிறார்கள். குனிந்து நுழைந்து, குகைக்குள் இறங்கி, 14 முனை வெள்ளி நட்சத்திரத்தின் முன் மண்டியிட்டேன். பின்னாலிருந்து வரிசை நெருக்கியதில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஜெபிக்கவே மறந்துபோனேன். வெளியே சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எதிரே உமர் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அப்புறம்தான் ஜெபம் வந்தது.

மறுநாள், கிணறு இருக்கும் நாபுலுஸ். வேன் ஓட்டியவர் பெத்லகேம் கிறிஸ்தவர். "எருசலேம் வழியாகப் போனால் சீக்கிரம் இல்லையா?" என்று விவரம் புரியாமல் கேட்டுவிட்டேன். பாலஸ்தீன நம்பர் பிளேட் வண்டி அங்கே நுழைய முடியாது. அவர் நடந்தே போவதானாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். சுமார் 10 கிலோமீட்டர் தூரம்! கடல் கடந்து வந்த நாங்கள் முந்தின நாள்தான் அங்கே தூங்கி எழுந்து வந்திருந்தோம். அதனால் வாதி அன்னார், நெருப்புப் பள்ளத்தாக்கு, வழியாக வளைந்து வளைந்து போனோம். அதைத் தாண்டி வடக்கே போகப் போக, கல் அடுக்கிய வரப்புகளில் ஒலிவ மரங்கள், அவற்றின் அடியில் சிவப்புக் காட்டுப்பூக்கள்.

நாபுலுஸ்தான் வேதாகமத்தின் சீகேம் பகுதி. ஒரு பக்கம் ஏபால் மலை, மறுபக்கம் கெரிசீம் மலை. வேதாகமக் காலத்து இனமான, இன்று சில நூறு பேராகச் சுருங்கிவிட்ட சமாரியர்களில் ஒரு பகுதியினர் கெரிசீம் மேல் இன்னமும் வாழ்கிறார்கள். பஸ்கா பண்டிகைக்கு ஆடு பலியிடுகிறார்கள். கிணறு இருப்பது ஒரு கிரேக்க ஆலயத்தின் நிலவறையில். அதற்கு அருகிலேயே 1950 முதல் இருக்கும் பலாட்டா என்ற பாலஸ்தீன அகதி முகாம். வீட்டோடு வீடு ஒட்டிய நெரிசல்.

படியிறங்கினோம். ராட்டினம், கயிறு, வாளி. நம் ஊர்க் கிணறேதான். ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். கீழே சத்தம் கேட்க எவ்வளவு நேரம்! சுமார் 40 மீட்டர் ஆழமாம். 'கிணறும் ஆழமாயிருக்கிறதே' என்று அந்தச் சமாரியப் பெண் சொன்னதை ஞாயிறு பள்ளியில் எத்தனை முறை ஒப்பித்திருப்பேன்! அது வெறும் வசனமில்லை, தண்ணீர் இறைத்துக் கைகாய்த்தவளின் பேச்சு என்று அங்கேதான் உறைத்தது. இறைத்துக் குடித்தோம், பல் கூசும் குளிர்ச்சி. என் மனைவி பரமண்டல ஜெபத்தைத் தமிழில் சொல்ல, டிரைவர் 'அபானா' (எங்கள் பிதாவே) என்று அதையே அரபியில் தொடங்கினார். முடிக்கும்போது இரண்டும் ஒன்றாகவே முடிந்தன.

மாலையில் சோதனைச்சாவடியில் எங்களை இறக்கிவிட்டவர், வண்டியின் டாஷ்போர்டைத் திறந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தார். "எருசலேம் திருக்கல்லறை ஆலயத்தில் என் அம்மா பெயரில் ஏற்றிவிடுவீர்களா?"

வெள்ளிக்கிழமை காலை ஏற்றினோம்.