கண் வைத்த வான்கோழி

நான் விராலிமலைப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் மயில் என்றால் காலையில் ஓட்டுக்கூரையில் ஏறி நின்று தூக்கத்தைக் கெடுக்கிற, கடலைக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போகிற பறவை. ஆனாலும் முருகன் வாகனம், யாரும் கல்கூட எறிய மாட்டார்கள். வான்கோழிக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. மயிலைப் பார்த்து ஆடப்போய் அசிங்கப்பட்ட பறவை என்றுதான் பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிட்டது. அந்த வான்கோழியைத் தேடி ஹூஸ்டனிலிருந்து மெக்சிகோ வரை போவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இழுத்துப் போனவர் என் அலுவலக நண்பர், டெக்சாஸ்காரர். அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஈஸ்டர்ன், ஆசியோலா, ரியோ கிராண்டே, மெரியம்ஸ் என்று நான்கு வகையையும் சுட்டால் கிராண்ட் ஸ்லாம். மெக்சிகோவின் கூல்ட்ஸ் வகையும் சேர்ந்தால் ராயல் ஸ்லாம். அதற்கும் மேலே வேர்ல்ட் ஸ்லாம் வேண்டுமென்றால் ஆறாவதாக ஒன்று பாக்கி: ஆசலேட்டட் வான்கோழி. இது முதல் ஐந்தைப் போல ஒரே இனத்தின் கிளை இல்லை, தனி இனம். யுகடான் தீபகற்பத்தை விட்டால் குவாத்தமாலாவின் வடக்கிலும் பெலீஸிலும்தான் உண்டு. நண்பருக்கு அது ஒன்றுதான் குறை. டெக்சாஸில் இரண்டு வசந்தம் அவரோடு ரியோ கிராண்டே வேட்டைக்குப் போயிருந்ததால் எனக்கும் ஆசை வந்துவிட்டது. செலவு எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், இதை வீட்டிலும் படிப்பார்கள்.

அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோவில் தனி விசா வேண்டாம். துப்பாக்கிதான் தலைவலி. சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோக அந்நாட்டு ராணுவ அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். நாங்கள் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். மெரிடாவில் இறங்கி, காம்பெச்சே, எஸ்கார்செகா வழியாக நாள் முழுக்க ஜீப்பில் உட்கார்ந்து, கலக்முல் காட்டோரம் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

கலக்முல் 1989 முதல் பாதுகாக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகம். வேட்டை அதற்குள் இல்லை, சுற்றியுள்ள எஹிடோ நிலங்களில். எஹிடோ என்றால் ஊர்ப் பொதுச்சொத்து மாதிரி, நிலம் ஊராருக்குச் சேர்ந்து உரிமை. காட்டில் இருக்கும் பறவைகளைக் கணக்கிட்டு, இந்த வருடம் இத்தனை சேவல் சுடலாம் என்று அரசு அடையாளப் பட்டி கொடுக்கும். சுட்ட பறவையின் காலில் அந்தப் பட்டியைக் கட்டியாக வேண்டும். வெளியூர்க்காரன் கொடுக்கிற பணம் ஊருக்கு வருவதால், காட்டை அழித்துச் சோளம் போடுவதைவிடக் காடாகவே விட்டால் லாபம் என்று கணக்கு. 'காப்பாற்றுவதற்காகச் சுடுகிறோம்' என்று வேட்டைக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரும். இங்கே பாதி சந்தேகம் போனது. மீதி பாதி இன்னும் இருக்கிறது.

எனக்கு அமைந்த வழிகாட்டி அறுபதைத் தாண்டிய மாயா இனத்தவர். ஒல்லி, ரப்பர் பூட்ஸ், இடுப்பில் நீள வெட்டுக்கத்தி. எல்லோரும் அவரை 'தோன்' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. இளவயதில் சிக்லே எடுத்தவராம். மரத்தில் கோணல்மாணலாகக் கீறிப் பால் வடித்துக் காய்ச்சினால் சிக்லே, ஒரு காலத்தில் உலகம் மென்ற சூயிங்கம் அதில்தான் செய்தார்கள். அவர் காட்டிய மரத்தின் இலையைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்ததாக இருந்தது. காயைப் பார்த்ததும் புரிந்தது: சப்போட்டா! எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற அதே மரம். அதன் சொந்த ஊரே இந்தப் பக்கம்தான். பக்கத்திலேயே கறுப்புப் பால் வடிகிற செச்செம் மரத்தையும் காட்டி, தொட்டால் தோல் வெந்துவிடும் என்று சைகையில் எச்சரித்தார்.

டெக்சாஸில் வான்கோழி வேட்டை என்றால் பெட்டை மாதிரி குரல் கொடுத்துச் சேவலை வரவழைப்பது. இங்கே அந்தப் பருப்பு வேகாது. இந்தச் சேவல் அழைப்பை லட்சியமே செய்யாது, நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். விடிவதற்கு முன் அடைந்த மரத்திலிருந்தே பாட ஆரம்பிக்கும். பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறார்கள். முதலில் அடித்தொண்டையில் 'பும்... பும்... பும்' என்று அடி, அப்புறம் வேகம் பிடித்து, திடீரென்று மேலேறிப் படபடவென்று வெடிக்கும். எங்கள் மாமா குளிர்காலையில் டிவிஎஸ் 50-ஐ உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்வாரே, அச்சு அசல் அது.

முதல் நாள் மூன்று மணிக்கு எழுந்தோம். இருட்டில் பெரியவர் நிற்பார், காதுக்குப் பின்னால் கையைக் குவிப்பார், ஒரு திசையை நீட்டுவார். எனக்கு ஒன்றும் கேட்காது. ஊளைக்குரங்குகளின் உறுமலும் என் மூச்சும்தான். சேவல் பாடும்போது மட்டும் நடை, அது நிறுத்தினால் எடுத்த காலை அப்படியே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்படியே முக்கால் மணி நேரம். ஒருவழியாக எனக்கும் 'பும் பும்' கேட்டது, தலைக்கு நேர் மேலே போல. பெரியவர் மெல்லத் திரும்பி மேலே விரலைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் அலாரம் அடித்தது. தினமும் நடைப்பயிற்சிக்கு என்று வைத்திருந்த ஐந்து மணி அலாரம்.

இலைக்குள் ஒரு பெரிய கறுப்புப் பாய் விரிந்து பறந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். பெரியவர் திட்டவில்லை. மூன்று விரலைக் காட்டினார். அந்த மரத்தை மூன்று நாளாகப் பார்த்து வைத்திருந்தாராம். திட்டியிருந்தால் தேவலை.

நண்பர் அன்றே தன் ஸ்லாமை முடித்துவிட்டு வந்தார். கிளையில் இருந்ததைச் சுட்டிருந்தார். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அடைந்திருக்கும் வான்கோழியைச் சுடக்கூடாது, இங்கே அதுதான் பழைய முறை. எனக்கு அது ஒப்பவில்லை என்று சொன்னதும் பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விட்ட சேவலைப் பற்றி நினைத்திருப்பார்.

இரண்டாம் நாள் மாலை ஒரு குட்டையோரம், பனையோலை மறைப்புக்குள் உட்கார்ந்தோம். உண்ணிகள் என் முழங்காலுக்கு மேல் குடியேறிக்கொண்டிருந்தன. ஐந்தரை வாக்கில் சத்தமே இல்லாமல் மூன்று பறவைகள் தண்ணீருக்கு வந்தன. முன்னால் சேவல். பெரியவர் என் தோளில் ஒரு விரலை வைத்தார். இருபத்தைந்து தப்படி தூரம் இருக்கும். சுட்டேன்.

கையில் எடுத்தபோது இன்னும் சூடு இருந்தது. ஐந்து கிலோ வரும், வளர்ப்பு வான்கோழியைவிடச் சிறிது. மற்ற வான்கோழிச் சேவல்களுக்கு இருக்கிற மாதிரி மார்பில் தாடிமயிர் இல்லை. மொட்டைத் தலை பளிச்சென்று நீலம், அதன் மேல் பவழம் கோத்தது மாதிரி ஆரஞ்சு மருக்கள். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். இறக்கையில் செம்பு தேய்த்த மினுமினுப்பு. கால் முள் என் சுண்டுவிரல் பாதிக்கு இருந்தது, ஊசிக் கூர்மை. பெரியவர் வாலை விசிறியாக விரித்துக் காட்டினார். ஒவ்வொரு இறகின் நுனியிலும் தங்கக் கரை, அதற்குள் நீலப்பச்சையில் ஒரு கண். மயிலுக்கு இருக்கிற அதே கண். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை. பெரியவர் 'கூட்ஸ்' என்றார், மாயா மொழியில் இதன் பெயர். பட்டியைக் காலில் கட்டினார்.

கறி ஊரிலேயே சமைந்தது. அச்சியோட்டே என்ற சிவப்பு விதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் அரைத்துப் பூசி, வாழையிலையில் சுற்றி, மண்ணுக்குள் புதைத்து வேக வைத்தார்கள். இலையைப் பிரித்ததும் வந்த வாசனையில் பாதி கல்யாணப் பந்தி, பாதி எனக்குப் பழக்கமில்லாதது. ஆபனேரோ மிளகாயைச் சாதாரணமாக நினைத்துக் கடித்ததைப் பற்றிப் பேச வேண்டாம்.

மறுநாள் ஊருக்கு வீடியோ கால் போட்டு அம்மாவிடம் படத்தைக் காட்டினேன்.

"அடப்பாவி, மயிலையா சுட்ட?"

"மயில் இல்லம்மா, வான்கோழி."

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கண்ணு இருக்குல்ல? அப்ப அது மயிலுதான்."