இடுப்புத் துப்பாக்கி வாங்கப் போனேன், கடைக்காரர்களோடு மல்லுக்கட்டினேன்

ஹூஸ்டனில் எங்கள் கடையை ராத்திரி பூட்டிக்கொண்டு கிளம்புவது நான்தான். அதனால் ஒரு கைத்துப்பாக்கி வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் 21 வயது முடிந்த பெரும்பாலோர் லைசென்ஸ் இல்லாமலே அதை மறைத்து எடுத்துச் செல்லலாம். வேறு மாநிலங்களில் உதவும் என்று நான் அதற்கான லைசென்ஸும் எடுத்துவிட்டேன். வகுப்பு, கைரேகை, 40 டாலர், அதெல்லாம் தொல்லையில்லை.

தொல்லை துப்பாக்கிக் கடையில்தான். முதல் கடையில் கிரீன் கார்டையும் டிரைவிங் லைசென்ஸையும் நீட்டினால், மூன்று மாத கரண்ட் பில் கேட்டார் ஊழியர். வெளிநாட்டவர் 90 நாள் குடியிருப்பைக் காட்டவேண்டும் என்ற விதி 2012லேயே போய்விட்டது. சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை. துப்பாக்கி வாங்க நிரப்பவேண்டிய 4473 படிவத்தைக் கையிலேயே எடுக்கவில்லை. அரை நாள் வேலை கெட்டதுதான் மிச்சம். வீடு மாறியவர்கள் டிரைவிங் லைசென்ஸில் முகவரியை மாற்றிவிட்டுப் போங்கள், பழைய முகவரி மட்டும் உண்மையிலேயே சிக்கல். எச்1பி விசா நண்பர்களே, வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) வாடகைத் துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள்.

அடுத்த கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே, "லேடீஸுக்கு இதுதான்" என்று ஐந்து தோட்டா போடுகிற குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தார். நல்லவேளை, ரேஞ்சில் அதே மாதிரி ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். சில தோட்டாக்களிலேயே கட்டைவிரல் இடுக்கு எரிய ஆரம்பித்தது. ட்ரிகரும் கடுமை, இழுக்கிற இழுப்பில் முனை கீழே சாய்ந்து குறி தப்பியது. பயிற்சி எடுக்கவே பிடிக்காத துப்பாக்கி எதற்கு?

கிளாக் 19 பிஸ்டல் சுடுவதற்கு அருமை, 15 தோட்டா. ஆனால் குர்த்திக்கு மேல் பிடி முட்டிக்கொண்டு தெரிந்தது. காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் குழலின் நீளமல்ல, பிடியின் நீளமும் பருமனும்தான். சிக் பி365 என்ற சின்ன பிஸ்டல் நன்றாக மறைந்தது, ஆனால் சுண்டுவிரலுக்கு இடம் போதவில்லை. கடைசியில் கிளாக் 43எக்ஸ். 10 தோட்டா, ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும் பருமன், முழுக் கையும் பிடிக்கிறது.

தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கிற மேல்பாகமான ஸ்லைடை இழுக்க முடியாமல் திணறியபோது பயிற்சியாளர் ஒரு வழி சொன்னார்: விரல் நுனியால் கிள்ளி இழுக்காதே. முனை இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து கவ்விப் பிடி, வலது கையால் பிடியை முன்னே தள்ளு. சட்டென்று வந்துவிட்டது! "பெண்களுக்கு ஸ்லைடு வராது" என்று சொல்லி ரிவால்வரை நீட்டிய அந்தக் கடைக்காரர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கிளாக்கில் தனியாக சேஃப்டி நெம்புகோல் கிடையாது. துணி ஹோல்ஸ்டர் மடங்கி ட்ரிகருக்குள் போனால் கதை கந்தல். ட்ரிகரை முழுக்க மூடுகிற கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை வாங்குங்கள், கூடவே விறைப்பான பெல்ட். சல்வார் நாடாவில் இது நிற்காது, கடைக்கு இப்போது ஜீன்ஸ்தான். கைப்பையில் போட்டுக்கொள்ளும் யோசனையும் வேண்டாம், பை போனால் துப்பாக்கியும் போச்சு.

லைசென்ஸுக்கான சுடும் தேர்வில் 3, 7, 15 கஜத்திலிருந்து 50 தோட்டா. 250க்கு 175 எடுத்தால் போதும். எனக்கு அதைவிடத் தாராளமாகவே வந்தது. அப்புறம், வாசலில் மறைத்த துப்பாக்கிக்குத் தடை சொல்லும் 30.06 பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். இருந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவரும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது.