ஷிப்ட் ரிப்போர்ட்டில் ‘மிஸ்கான்டக்ட்’

தொழிற்சாலையில் பெர்சனல் டிபார்ட்மென்ட் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆள் லேட்டாக வந்தால் மிஸ்கான்டக்ட், அதாவது ஒழுங்கீனம்; சேஃப்டி ஷூ போடவில்லையென்றால் மிஸ்கான்டக்ட், சூப்பர்வைசரிடம் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டால் ‘கிராஸ் மிஸ்கான்டக்ட்’, பெரிய ஒழுங்கீனம். காலையில் மேஜைக்கு வருகிற ஷிப்ட் ரிப்போர்ட், மெயில், சூப்பர்வைசர்களின் வாட்ஸப் குரூப் என்று எங்கே பார்த்தாலும் இதே வார்த்தை. எழுதுகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஆங்கிலத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும், மேலே படிக்கிறவருக்கு அது கண்டிப்பாகவும் தெரிய வேண்டும். அப்போது கைக்கு முதலில் எட்டுவது இந்த வார்த்தைதான். ஆனாலும் அன்றாட எழுத்தில் இதைப் புழங்கக் கூடாது என்று நான் வருஷக்கணக்காக எல்லோரிடமும் மல்லுக்கட்டி வருகிறேன்.

முதல் காரணம் சட்டம். நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் எங்களுக்கு அடிப்படை 1946ஆம் வருஷத்து நிலையாணைகள் சட்டம், அதாவது தொழிற்சாலையின் வேலை விதிகளைப் பற்றிய சட்டம். எதெல்லாம் மிஸ்கான்டக்ட் என்பதற்கு அதன் மாதிரி நிலையாணைகளில் ஒரு பட்டியல் இருந்தது. திருட்டு, மோசடி, லஞ்சம், வேண்டுமென்றே சொத்தைச் சேதப்படுத்துவது, மேலதிகாரியின் நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறுவது என்று போகும். அதில் தாமதத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள்: வழக்கமாகத் தாமதமாக வருவது. வேலையில் அசட்டை? அங்கேயும் வழக்கமாக. சொல்லாமல் லீவு போடுவது? வழக்கமாகப் போட வேண்டும், இல்லையென்றால் ஒரே மூச்சில் பத்து நாளைத் தாண்ட வேண்டும். அதாவது ஒரு நாள் பஸ் கிடைக்காமல் இருபது நிமிஷம் பிந்தி வந்தவர் அந்தப் பட்டியலுக்குள் வரவே மாட்டார். அந்தப் பட்டியலை ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புரிகிற மொழியிலும் வாசல் பக்கம் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்று சொன்னதும் அதே சட்டம்தான். அதைத் தாண்டித்தான் சூப்பர்வைசரும் தினமும் உள்ளே வருகிறார், ஆனால் நின்று படிக்க யாருக்கும் நேரமில்லை.

உச்ச நீதிமன்றமும் இந்த வார்த்தையை மலிவாக விடவில்லை. 1979இல் வந்த ஜே. அகமது வழக்கின் தீர்ப்பு எங்கள் துறையில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் பழக்கம். அசாமில் கலவரம் நடந்தபோது மாவட்ட நிர்வாகத்தைச் சரியாக நடத்தவில்லை என்று ஓர் அதிகாரி மேல் நடவடிக்கை எடுத்தார்கள். திறமைக் குறைவோ, பதவிக்கு எதிர்பார்க்கிற உயரத்தை எட்டாததோ மட்டும் மிஸ்கான்டக்ட் ஆகிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. 1983இல் கிளாக்ஸோ மருந்துக் கம்பெனி வழக்கில், நிலையாணைப் பட்டியலில் இல்லாத ஒன்றை மிஸ்கான்டக்ட் என்று சொல்லித் தண்டிக்க முடியாது என்றும் வந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கையாண்ட வார்த்தையைத்தான் நாம் சேஃப்டி ஷூவுக்கும் போடுகிறோம்.

சரி, சட்டம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. இந்த வார்த்தையை எழுதியதும் என்ன நடந்தது என்பதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

நான் கூட இருந்து பார்த்த ஓர் என்கொயரியைச் சொல்கிறேன். இரண்டாவது ஷிப்ட், சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) ஆபரேட்டர் ஒருவர் மெஷினை விட்டுப் போய்விட்டார். ஷிப்ட் இன்சார்ஜ் எழுதிய ரிப்போர்ட் மொத்தமே மூன்று வரி. அனுமதியில்லாமல் பணியிடத்தை விட்டுப் போனார், வில்ஃபுல் இன்சபார்டினேஷன் (வேண்டுமென்றே கீழ்ப்படியாமை), கிராஸ் மிஸ்கான்டக்ட், தக்க நடவடிக்கை எடுக்கவும். அவ்வளவுதான். சஸ்பெண்டு, சார்ஜ் ஷீட், பிறகு என்கொயரி என்று போய், இன்சார்ஜ் சாட்சி சொல்ல உட்காரும்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆபரேட்டருக்காக வந்த தொழிற்சங்கத் தோழர் நிதானமாகக் கேட்டார்: “எத்தனை மணிக்குப் போனார் சார்? எத்தனை மணிக்குத் திரும்பினார்? நீங்க என்ன உத்தரவு போட்டீங்க? அதுக்கு அவர் என்ன வார்த்தை சொன்னார்?” இன்சார்ஜ் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. “இன்சபார்டினேஷன்னு எழுதியிருக்கேன்ல” என்றார். “அது நீங்க வச்ச பேர் சார், நடந்தது என்ன?” என்றார் தோழர். பதில் வரவில்லை.

ஆபரேட்டர் தன் தரப்பைச் சொன்னார். மெஷினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவத்தின் குழாய் பிய்த்துக்கொண்டு தரையெல்லாம் ஓடியது, மெயின்டனன்ஸுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை, கிளாம்ப் வாங்க நானே நேரில் போனேன். மெஷின் பதிவேட்டிலும் அந்த நேரத்துக்குக் கூலன்ட் பழுது என்று இருந்தது. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. வெளியே வந்த பிறகு இன்சார்ஜ் என்னிடம் சொன்னார், ஆபரேட்டர் போகும்போது மெயின் சுவிட்சை அணைக்கவில்லை, கதவும் திறந்து கிடந்தது, பக்கத்து மெஷின் பையன் உள்ளே கை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், அதைப் பார்த்துத்தான் தனக்குக் கோபமே வந்தது என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுதான் உண்மையான தவறு! அதை எழுதியிருந்தால் அன்றைக்கே ஒரு வார்னிங் கொடுத்து, லைனில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ரிப்போர்ட்டில் சுவிட்சும் இல்லை, கதவும் இல்லை. பெரிய வார்த்தை இரண்டு இருந்ததால் வேறெதையும் எழுதத் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆபரேட்டருக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். சஸ்பென்ஷனில் முதல் தொண்ணூறு நாளுக்குப் பாதிச் சம்பளம்தான். வீட்டு வாடகை, பிள்ளை ஃபீஸ் எல்லாம் முழுசாகத்தானே கேட்பார்கள்? பிறகு மீதிச் சம்பளம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அவர் இங்கிலீஷ் படிக்காதவர். சார்ஜ் ஷீட்டைத் தெருவில் யாரிடமோ காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார், அந்த ஆள் “கம்பெனியில ஏதோ பெரிய தப்புப் பண்ணிட்டியாம்” என்று மட்டும் சொல்லிவிட்டார். திருட்டு கேஸ் என்று அக்கம்பக்கத்தில் பேச்சாகிவிட்டது. அதற்கு எந்த என்கொயரியில் தீர்ப்பு வாங்குவது?

இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. போனில் தமிழில் பேசினால் ஏஐ ஆங்கிலத்தில் லெட்டர் போட்டுக் கொடுத்துவிடுகிறது. “டீ பிரேக்குக்குப் போய் லேட்டா வந்தான்” என்று சொன்னதற்கு, சீரியஸ் மிஸ்கான்டக்ட், டெரிலிக்‌ஷன் ஆஃப் டியூட்டி (கடமை தவறுதல்) என்றெல்லாம் சேர்த்து நல்ல இங்கிலீஷில் ஒரு பக்கம் வருகிறது. சொன்னவர் அதைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை, அப்படியே ஃபார்வர்ட். அது பர்சனல் ஃபைலுக்குள் போய், எத்தனையோ வருஷம் கழித்து வேறெதற்காகவோ ஃபைலைப் புரட்டுகிறவர் கண்ணில், டீ விஷயமெல்லாம் காணாமல் போய், அந்த வார்த்தை மட்டும் படும்.

அதனால் என்னிடம் வருகிற ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தமிழில் எழுதுங்கள், எத்தனை மணிக்கு, எந்த மெஷினில், என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள், அது போதும். அன்றைக்கே எழுதுங்கள். அது எந்தப் பிரிவில் வரும், வருமா வராதா என்று பார்ப்பது என் வேலை. பணத்தில் கை வைத்தவர், மேஸ்திரியை அடித்தவர், சொல்லாமல் பத்து நாளுக்கு மேல் வராதவர் என்று வந்தால் சார்ஜ் ஷீட்டில் மிஸ்கான்டக்ட் என்று நானே எழுதுவேன், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று பக்கத்திலேயே போட்டு, சம்பந்தப்பட்டவருக்கு ஒரு தமிழ்ப் பிரதியோடு.