ஏ-வை அழுத்தினால் பி: கண்ட்ரோலரைச் சரிசெய்த அனுபவம்

பொங்கல் லீவுக்கு அக்கா மகன் மதுரையிலிருந்து காரைக்குடிக்கு வந்திருந்தான். ஒன்பது வயது. லேப்டாப்பை டிவியில் மாட்டிவிட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தோம். திரையில் ஏ என்று காட்டுகிறது. அவனும் ஏ என்று எழுதிய பட்டனைத்தான் அழுத்துகிறான். மெனுவோ பின்னால் போகிறது. நாலாவது தடவை, "மாமா, நான் சரியாத்தானே அமுக்குறேன்?" என்று கேட்டபோது அவன் கண் கலங்கியிருந்தது.

அவன் செய்தது சரிதான். எங்களிடம் இருந்தது சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா அனுப்பிய கண்ட்ரோலர். அதில் எழுத்துகள் நின்டெண்டோ கேம் கருவிகளின் வரிசையில் இருக்கும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்பக்கம். நின்டெண்டோவில் பி கீழே, ஏ வலப்பக்கம். எக்ஸும் ஒய்யும்கூட அப்படித்தான் இடம் மாறியிருக்கும். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் வந்த எக்ஸ்இன்புட் முறையைத்தான் (கண்ட்ரோலரில் அழுத்துவதை விண்டோஸ் கேமுக்குச் சொல்லும் வழி) பெரும்பாலான பிசி கேம்கள் நம்பியிருக்கின்றன. அந்த முறையில் எந்தக் கண்ட்ரோலர் வந்தாலும் கேமுக்கு அது எக்ஸ்பாக்ஸ்தான். திரையில் பட்டன் படமும் அதற்கேற்பத்தான் வரும்.

நாங்கள் கேமைத் திறக்கும் ஸ்டீம் என்ற ஆப்பின் செட்டிங்ஸில், கண்ட்ரோலர் பக்கத்தில், நின்டெண்டோ பட்டன் வரிசையைப் பயன்படுத்தும் ஆப்ஷன் ஒன்று உண்டு. அதைப் போட்டேன். எதுவும் மாறவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது.

மறுநாள் விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தி, ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று அடித்துச் சோதனைப் பெட்டியைத் திறந்தேன். வரிசையாக எண் போட்ட வட்டங்கள். எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அதன் வட்டம் சிவப்பாக எரியும். எக்ஸ்பாக்ஸ் கணக்கில் 1 என்றால் ஏ, 2 என்றால் பி. பையனை ஏ-வை அழுத்தச் சொன்னேன். 2 எரிந்தது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கண்ட்ரோலர் எக்ஸ்இன்புட் மோடில் இருந்ததால் ஸ்டீமும் அதை எக்ஸ்பாக்ஸ் என்றே நினைத்திருக்கிறது. நின்டெண்டோ ஆப்ஷன் அதைத் தொடவே இல்லை.

கண்ட்ரோலரை அணைத்து, கூட வந்த தாளில் போட்டிருந்தபடி ஸ்விட்ச் மோடில், அதாவது நின்டெண்டோ ஸ்விட்ச் கண்ட்ரோலராகக் காட்டிக்கொள்ளும் மோடில், ஆன் செய்தேன். இப்போது ஸ்டீமில் அதன் பெயரே மாறிவிட்டது. ஆப்ஷனும் வேலை செய்தது. ஏ என்றால் ஏ. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

என்னிடமுள்ள டூயல்ஷாக் 4-க்கு (பிளேஸ்டேஷன் 4-இன் கண்ட்ரோலர்) வேறு பிரச்சினை. ஒரு தடவை அழுத்தினால் மெனு இரண்டு வரி தாவியது. அதை எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்போலக் காட்டும் டிஎஸ்4விண்டோஸ் என்ற ஆப்பும் ஸ்டீமும் ஒரே நேரத்தில் அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தன. ஒன்றை மூடியதும் சரியானது. வட்டம், சதுரம் என்று அதன் சொந்தப் படங்கள் வேண்டுமானால், அந்த கேமின் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டீம் இன்புட்டை (ஸ்டீம் செய்யும் அந்த மொழிபெயர்ப்பு வசதி) அணைத்துவிட்டு வயரில் இணைத்துப் பாருங்கள். கேமிலேயே அந்த வசதி இருந்தால்தான் வரும்.

அவன் ஊருக்குப் போனதும் நின்டெண்டோ ஆப்ஷனை எடுத்துவிட்டேன். என் கட்டைவிரலுக்குக் கீழ்ப் பட்டனில் குதித்துத்தான் பழக்கம். மே மாத லீவுக்கு அவன் வருவதற்கு முந்தின நாள் மறக்காமல் திரும்பப் போட்டு வைக்க வேண்டும்.