ஒரு ளகரத்துக்காக ஒம்பது நாள்

எங்கட முல்லைத்தீவுக் கரையோரக் கடற்றொழிலாளர் சங்கங்களப் பற்றி நாங்கள் நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு விக்கியில எழுதிக்கொண்டு வாறம், கொக்கிளாய் நாயாறு தொடங்கி மாத்தளன் வரைக்கும். போன மாசம் ஒரு சங்கத்தின்ர பழைய உபவிதி கிடைச்சுது, இங்கிலீசில டைப் அடிச்ச மூண்டு பக்கம். மூலத்தை அப்பிடியே கட்டுரைக்குக் கீழ போடுவம் எண்டு ராவிராவா இருந்து அடிச்சு முடிச்சு சேவ அமத்தினா, வெள்ளைப் பக்கத்தில 403 ஃபோர்பிடன், அதாவது அனுமதியில்லை எண்டு சேர்வர் மறிக்குது.

முதல்ல டேட்டா முடிஞ்சுதாக்கும் எண்டு நினைச்சன். பிறகு என்ர அக்கவுண்டத் தடை செய்திட்டினமோ எண்டு பயம், ஆனா வேற பக்கத்தில ஒரு எழுத்த மாத்தினா சேவாகுது. சரியெண்டு உபவிதிய ரெண்டு பகுதியா வெட்டிப் போட்டன். மேல் பாதி போச்சு, கீழ் பாதியும் போச்சு! அட இவ்வளவுதானா எண்டு போய்ப் படுத்திட்டன்.

விடிய அளம்பில்ல இருந்து ஒரு அண்ணை போன் எடுத்து ஏச்சு. முதல் பந்தியில அவற்ற ஊர 'அலம்பில்' எண்டு அடிச்சு வச்சிருக்கிறன். அந்த முதல் பந்திக்கு எங்கட விக்கியில தனி எடிட் பட்டன் இல்ல, முழுப் பக்கத்தையும் திறந்துதான் திருத்தவேணும், திறந்து ஒரு ல-வ ள ஆக்கி அமத்தினா திரும்பவும் 403.

தளத்தைப் பார்க்கிற அண்ணை வவுனியாவில. அவர் எங்களுக்குச் சேர்வர் தாற ஹோஸ்டிங்காரரிட்டக் கேட்டு, சேர்வர் எழுதி வைக்கிற பதிவ (log) எடுத்துப் பார்த்திட்டு, "தம்பி, நீ டேட்டாபேஸ உடைக்க வந்த கள்ளன் எண்டு நிக்குது" எண்டார். விசயம் இதுதான்: சேர்வருக்கு முன்னால மொட்செக்கியூரிட்டி எண்டொரு காவல், அதில 942270 எண்டொரு விதி. யூனியன், செலக்ட், ஃப்ரம் மூண்டும் இந்த வரிசையில வந்தாக் காணும், இடையில எத்தினை பந்தி கிடந்தாலும் எஸ்கியூஎல் தாக்குதல், அதாவது டேட்டாபேஸுக்குக் கள்ளமாக் கட்டளை குடுக்கிறது எண்டு 5 புள்ளி போடும், மறிக்கிற எல்லையும் 5 தான். எங்கட உபவிதியில மேல சங்கம் யூனியன்ல அங்கத்துவம் எண்டு ஒரு வரி, கீழ நிர்வாகசபைய அங்கத்தவருக்குள்ள இருந்து (ஃப்ரம்) செலக்ட் பண்ணுறது பற்றி ஒரு வரி. பாதி பாதியா அனுப்பேக்க தப்பினது அதாலதான், முழுப் பக்கத்தையும் திறந்து அமத்தேக்க எல்லாம் சேர்ந்து போய் மாட்டினதும் அதாலதான். யூனியனுக்குத் தமிழில சமாசம் எண்டே போட்டிருந்தா ஒரு கரைச்சலும் வந்திராது.

கூட எழுதுற ஒருத்தர் செலக்ட்ட எடுத்திட்டு சூஸ் எண்டு போடச் சொன்னார். மூலத்தில கைவைக்க எனக்கு மனமில்ல. ஹோஸ்டிங்காரர் அந்தக் காவல, ஃபயர்வோல, முழுசா நிப்பாட்டட்டோ எண்டு கேட்டவை, அதுக்கு வவுனியா அண்ணை ஒத்துக்கொள்ளேல்ல, பூட்டு இறுகுது எண்டு கதவக் கழட்டுறதோ எண்டார். விக்கியில நாங்கள் எழுதுற பெட்டிக்கு மட்டும், அந்த ஒரு விதிய மட்டும் விலக்கச் சொல்லி அவர் எழுதிக் குடுத்து, அதைப் போட ஒம்பது நாள்.

போட்டாச்சு எண்டு மெசேஜ் வந்த உடன முழுப் பக்கத்தையும் திறந்து அந்த ள-வத்தான் முதல்ல போட்டன். சேவாச்சு. அளம்பில் அண்ணைக்கு ஸ்கிரீன்சொட் அனுப்பினா, சங்கத்தின்ர வருசம் பிழையெண்டு பதில் வந்திருக்கு.