ஐந்து குத்து

34 வாரத்திலேயே பிறந்துவிட்டாள் என் மகள். எடை 1 கிலோ 720 கிராம். மூன்றாம் நாள் காலை மாமியார் பார்த்துவிட்டு, "கண்ணு லேசா மஞ்சளா இருக்கு, இளவெயில்ல காட்டினா சரியாப் போயிடும்" என்றார்.

மாநிறக் குழந்தை, எனக்கு எதுவும் தெரியவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் நெற்றியில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் மட்டும் மஞ்சள் எட்டிப் பார்த்தது. "வெயில் வேண்டாம்மா, இந்த எடைக்கு உடம்பு குளிர்ந்து போயிடும். கண்ணால பார்த்து அளவு சொல்லவும் முடியாது" என்று சின்னக் கருவி ஒன்றை நெற்றியில் வைத்தார். ஒரு மின்னல். 11.8. மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருளின் அளவாம்.

அது தோல் வழியாகப் போடும் கணக்குதானாம். வைத்தியம் தொடங்கவேண்டிய வரம்பை நெருங்கினால் ரத்தத்தில் பார்த்தே ஆகவேண்டும். சிஸ்டர் குதிகாலின் ஓரமாகக் குத்தி, ஊசி போல மெலிந்த கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றினார். பாதியிலேயே உறைந்துவிட்டது. மறுபடியும் ஒரு குத்து. குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றினார். வெளிச்சம் பட்டால் பிலிருபின் சிதைந்து அளவு குறைவாகக் காட்டுமாம். அதே வெளிச்சம்தான் வைத்தியமும்.

12.6 வந்தது. கண்ணைக் கட்டி, நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு 13, அதற்கு விளக்கே இல்லை! பொறுக்காமல் கேட்டுவிட்டேன். அது மூன்று கிலோ, நிறைமாதம். குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தில் பிலிருபினைப் பிடித்து வைக்கும் அல்புமின் என்ற புரதம் குறைவு. மீந்தது மூளைக்குள் போய்விடலாம். அதனால் வரம்பும் கீழே. பிறந்து எத்தனை மணி நேரம் என்பதும் கணக்கில் உண்டு. நானோ எல்லாக் குழந்தைக்கும் ஒரே எண் என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு மணி நேரம் கழித்து சிஸ்டர் மறுபடி ஊசியோடு வந்தார். "அந்த மெஷினையே வைங்களேன் சிஸ்டர்" என்று கெஞ்சினேன். வைத்துக் காட்டினார்: 7.9. ரத்தத்தில் 11.1. விளக்கடியில் தோல் முதலில் வெளுத்துவிடும், மெஷின் அதை நம்பி ஏமாந்துவிடும் என்றார். அப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் 8.7, விளக்கை அணைத்தார்கள். நிறுத்தினால் திரும்ப ஏறலாம் என்று அடுத்த நாளும் ஒரு குத்து. 9.2. இனி விளக்கு வேண்டாம் என்றார் டாக்டர். எடைக்காக இன்னும் சில நாள் இருந்தோம்.

வீட்டில் மாமியார் குதிகாலைத் தடவி எண்ணினார், ஐந்து. வெயில் பேச்சையே எடுக்கவில்லை.