சிதைவுமானிக்கு நான் வைத்த சோதனை

சென்ற மாதம் பழைய சிதைவுமானி ஒன்று, அதாவது ஆம்ப்ளிஃபயர் போன்றவை தம் வழியே போகும் அலையின் உருவத்தை எவ்வளவு கெடுக்கின்றன என்று அளக்கும் கருவி, என் மேசைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே வரும் சிக்னலிலிருந்து அடிப்படை அதிர்வெண்ணை (மூல அலையின் அதிர்வெண்ணை) மட்டும் நாட்ச் வடிகட்டியால் நீக்கிவிட்டு, எஞ்சி நிற்பது முழுச் சிக்னலில் எத்தனை விழுக்காடு என்று முள்ளால் காட்டும் வகைக் கருவி அது. அந்த முள்ளை எவ்வளவு நம்பலாம் என்று தெரியாமல் ஆம்ப்ளிஃபயரை அதில் மாட்டி அளப்பதில் பயனில்லை. ஆகவே அளவு தெரிந்த சிதைவை நானே உண்டாக்கி, முதலில் அதைக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் மின்னழுத்தம் காட்டும் பகுதியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கருவியை அணைத்துவிட்டு முள்ளைத் திருகாணியால் பூஜ்யத்தில் நிறுத்தினேன். பிறகு 1 வோல்ட் சைன் அலையைக் கொடுத்து மல்டிமீட்டரோடு ஒப்பிட்டேன். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கையடக்க மல்டிமீட்டர்கள் பலவற்றின் ஏசி அளவீடு 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டது. என்னிடமிருந்த ஒன்று 10 கிலோஹெர்ட்ஸில் உண்மையான மதிப்பில் பாதியைக்கூடக் காட்டவில்லை. அதனால் 300 கிலோஹெர்ட்ஸ் வரை உண்மையான ஆர்.எம்.எஸ். மதிப்பை (அலையின் சராசரித் திறனுக்கு ஈடான மின்னழுத்தத்தை) அளக்கும் மேசை மல்டிமீட்டரையே கடைசிவரை துணையாக வைத்துக்கொண்டேன்.

தெரிந்த சிதைவை உண்டாக்கும் வழி எளிமையானது. 1 கிலோஹெர்ட்ஸ் அலையைத் தரும் முதல் ஆசிலேட்டரை (அலை உண்டாக்கும் சுற்றை) 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகவும், 3 கிலோஹெர்ட்ஸ் தரும் இரண்டாவதை 1 மெகா ஓம் வழியாகவும் ஒரே புள்ளியில் சேர்த்தால், இரண்டும் 1 வோல்ட்டாக இருக்கும்போது மூன்றாம் ஹார்மோனிக்கின், அதாவது அடிப்படையின் மும்மடங்கு அதிர்வெண்ணின், இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 விழுக்காடு, கலந்துவிடும். முதல் ஆசிலேட்டர் நான் கட்டிய வீன் பிரிட்ஜ் என்ற வகைச் சுற்று. சூடேறச் சூடேறத் தடை கூடும் சிறு பல்பு ஒன்று அதன் வீச்சை நிலைநிறுத்துகிறது. 1939-இல், ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான வில்லியம் ஹியூலெட் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே உத்தி இன்றும் இவ்வளவு தூய்மையான அலையைத் தருவது எனக்குத் தீராத வியப்பு. அதை நேரடியாக மானியில் கொடுத்தபோது எஞ்சியது 0.02 விழுக்காடுதான்.

நாட்ச்சைச் சரிசெய்வது பொறுமையைக் கேட்கும் வேலை. அதிர்வெண் குமிழையும் பேலன்ஸ் குமிழையும் மாற்றி மாற்றித் தொட, முள் இறங்கும். ஒரு ரேஞ்ச் கீழே போனால் மறுபடி ஏறி நிற்கும். கடைசி ரேஞ்சில் குமிழைத் திருப்புவதாகவே தெரியக்கூடாது, விரலால் அழுத்தம் மட்டும் கொடுத்தால் போதும். அப்படி இறக்கி நிறுத்தியபோது முள் காட்டியது 0.1 அல்ல, 0.16.

மானி பழுது என்றுதான் நினைத்தேன். மூடியைத் திறந்து உள்ளே இருந்த ட்ரிம் குமிழ்களை (அளவைத் திருத்தும் சிறு குமிழ்களை) தொடப்போன நேரத்தில், கலவைச் சுற்றைத் தாளில் மறுபடி வரைந்து பார்த்தேன். என் ஆசிலேட்டரின் வெளியீட்டு உள்தடை 600 ஓம். அதைச் சேர்த்தால் முதல் கிளையில் இருப்பது 1,000 ஓம் அல்ல, 1,600 ஓம்; விகிதம் துல்லியமாக 0.16 விழுக்காடு. பிழை என் கணக்கில்தான் இருந்தது. 1 கிலோ ஓமை எடுத்துவிட்டு 390 ஓமும் 10 ஓமும் தொடராகப் போட்டதும் முள் 0.1-ஐ ஒரு மயிரிழை தாண்டி நின்றது. ட்ரிம் குமிழ்களைத் தொடாமல் மூடியை மூடினேன்.

அடுத்து 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்தேன். சதுர அலையிலிருந்து அடிப்படை அதிர்வெண்ணை நீக்கினால் எஞ்சுவது முழு அலையின் ஆர்.எம்.எஸ். மதிப்பில் 43.5 விழுக்காடு என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். மானியோ 34 காட்டியது. ஆனால் அதே மானியின் பின்புற வெளியீட்டில் மேசை மல்டிமீட்டரை இணைத்து, நாட்ச்சுக்கு முன்னும் பின்னும் அளந்து வகுத்தபோது 43 கிடைத்தது. காரணம் முள்ளின் மின்சுற்று: அது அலையின் சராசரியை எடுத்து, சைன் அலைக்குப் பொருந்தும்படி 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. முந்தைய சோதனையில் எஞ்சியது தூய 3 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை என்பதால் இந்தக் குறை வெளிப்படவே இல்லை. சதுர அலைக்கு அந்தச் சராசரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலும் 34.3 தான் வருகிறது. ஆகவே வடிகட்டி நன்றாக இருக்கிறது, முள்தான் கூரான அலைகளைக் குறைத்து மதிப்பிடுகிறது.

அதன் பிறகே அளக்க விரும்பியதை அளந்தேன்: எல்எம்386 சிப்பில் செய்த சிறிய ஆம்ப்ளிஃபயர். ஒன்றாம், எட்டாம் கால்களுக்கு இடையே எதுவும் இணைக்காததால் பெருக்கம் 20. அதன் டேட்டாஷீட் 6 வோல்ட் சப்ளையில், 8 ஓம் சுமையில், 125 மில்லிவாட்டில், 1 கிலோஹெர்ட்ஸில் சிதைவு 0.2 விழுக்காடு என்கிறது. 8 ஓமில் 125 மில்லிவாட் என்பது சரியாக 1 வோல்ட் என்பதால் நிலையை அமைப்பது சுலபம். அடாப்டரில் ஓட்டியபோது 0.41 வந்தது, ஆசிலாஸ்கோப்பில் எஞ்சிய அலை முழுவதும் 100 ஹெர்ட்ஸ் இரைச்சலின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு பென்டார்ச் பேட்டரிகளுக்கு மாற்றியதும் அந்த அசைவு மறைந்தது. மல்டிமீட்டர் கணக்கில் 0.23, முள்ளில் 0.21.

அதிர்வெண்ணை 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றியபோது எஞ்சிய அலையின் உருவமே மாறியது. மூல அலை பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஊசி போன்ற ஒரு கூர்முனை. இரண்டு ஊசிகளுக்கு நடுவே ஏறக்குறைய வெறுமை. வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று சுமையை வாங்கும் அந்தக் கணம், கிராஸ்ஓவர் சிதைவு. முள் 0.6 என்றது, மல்டிமீட்டர் 0.8 என்றது. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி, பக்கத்தில் அந்த ஊசிகளையும் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன்.